இரண்டு கதவுகளுக்கு நடுவே

நம் நியூ டவுன் அலுவலகத்திலிருந்து போன் செய்த பெண் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். புதிதாகச் சேர்ந்தவர்களில் நிறைய பேர் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வங்காளத்துக்கு வந்திருக்கிறார்கள், நீங்கள் லிஃப்ட் பரிசோதனையிலேயே காலத்தைக் கழித்தவர், உங்கள் அனுபவத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், ஊக்கம் தருகிற மாதிரி இருந்தால் நல்லது என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து யோசித்தால் ஊக்கம் எங்கே வருகிறது? கோபம்தான் வருகிறது. ஓய்வு பெற்றால் கோபம் குறையும் என்று என் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பாவம், ஏமாந்து போனார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சட்டமே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். சட்டம் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதி லிஃப்டுகள் தேங்காய் நார்க் கயிற்றில் தொங்கும். எனக்கு ஆத்திரம் வருவது, ஒருநாள்கூட லிஃப்ட் கதவின் முன்னால் நின்று பார்க்காமல் மேஜையில் உட்கார்ந்து எழுதப்படும் சட்டத்தைப் பார்த்துத்தான். ஹெல்மெட் போடாதவனை மடக்கிப் பிடிக்க மூலைக்கு மூலை ஆள் நிற்கிறது. பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு நாடா கட்டி, ஹெல்மெட் என்று நடைபாதையில் குவித்து விற்கிறவன் பக்கம் யாரும் திரும்புவதில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு போகிறவன் சட்டப்படி பத்திரமாகப் போகிறான். இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். இருக்கட்டும், நான் சொல்ல வந்தது ஒரு லிஃப்டின் கதை.

பாலிகஞ்சில் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டிடம். அங்கே இருந்த லிஃப்டை நீங்கள் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மாடியிலும் வெளியே ஒரு கனமான மரக்கதவு, பித்தளைக் கைப்பிடியோடு. லிஃப்ட் கூண்டுக்கு இழுத்து மூடும் கம்பி கேட். லிஃப்ட் அந்த மாடியில் நின்றால்தான் மரக்கதவு திறக்கும். கம்பி கேட் கூண்டின் விளிம்பிலேயே இருந்தது. அதற்கும் மரக்கதவுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை போகும், அவ்வளவுதான். சத்தம் போடும், எண்ணெய் வடியும், ஆனால் யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

அப்போதுதான் புது விதி வந்தது. கம்பி கேட்டில் புடவை சிக்குகிறது, விரல் நசுங்குகிறது, ஆகவே எல்லா லிஃப்டுக்கும் உள்ளே முழுக்க மூடிய தானியங்கிக் கதவு வேண்டும். வெளிக்கதவு திறந்தே கிடக்கக் கூடாது, ஸ்பிரிங் போட்டுத் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் எழுதியவர்களின் மனதில் இருந்தது புதுக் கட்டிடம். பழைய கட்டிடத்தில் தானியங்கிக் கதவுக்கு விளிம்பில் இடம் கிடையாது, அதனால் கூண்டுக்குள் தள்ளித்தான் பொருத்த முடியும். அப்படிப் பொருத்தினால் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே இடம் விழும். அந்த இடம் எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, அந்த விதியில் இல்லை. கதவின் வண்ணத்துக்குக்கூட வரி இருந்தது, இதற்கு இல்லை!

அந்தக் கட்டிடத்துச் செகரட்டரி மித்ர பாபு விதியை மதிக்கிற மனிதர். வங்கியில் அதிகாரியாக இருந்தவர். தெருவில் மற்றவர்களுக்கு முந்திக்கொண்டு புதுக் கதவைப் பொருத்திவிட்டார். கூடவே அவர் போனில் ஒரு ஆப்பும் வந்தது. லிஃப்ட் நன்றாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். பார்ப்பவர்களிடம் எல்லாம் அதைப் பேரனின் போட்டோ மாதிரி காட்டினார். நான் பரிசோதனைக்குப் போனபோது எனக்கும் காட்டினார்.

நம் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் கற்றுக்கொண்டிருப்பீர்கள். காலிக் கூண்டை ஓட்டிப் பார்ப்போம், சுமை ஏற்றி ஓட்டிப் பார்ப்போம், கதவு திறந்திருந்தால் ஓடுகிறதா என்று பார்ப்போம். எல்லாவற்றுக்கும் அளவு வளர்ந்தவர் உடம்புதான். நான் இரண்டாம் மாடியில் மரக்கதவைத் திறந்து, உள்கதவு மூடியிருக்கையில் அந்த வாசற்படியில் நிற்கப் பார்த்தேன். நிற்க முடியவில்லை, என் உடம்புக்கு அங்கே இடம் இல்லை. ஆள் நிற்க முடியாது, சரி என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், இந்த ஊரில் நிறைய பேர் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே சமயம் எதிர்வீட்டு வாசலில் ஒரு குழந்தை நின்று என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மிஷ்டு என்று கூப்பிடுவார்கள். அப்போது மூன்று வயது இருக்கும். அந்த இடைவெளி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. குழந்தையைப் பார்த்தேன், இடைவெளியைப் பார்த்தேன்.

மிஷ்டுவின் அம்மா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற வங்காளிப் பெண். அவளிடம் ஒரு கோல்பாலிஷ் கேட்டேன். வங்காளி வீட்டுக் கட்டில்களில் எல்லாம் கிடக்குமே, நீளமான உருட்டுத் தலையணை, அதுதான். மிஷ்டுவின் உயரம்தான் இருந்தது அது. மித்ர பாபுவையும் குடியிருப்பவர்கள் சிலரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு, தலையணையை இரண்டு கதவுக்கும் நடுவே செங்குத்தாக நிறுத்தினேன். மரக்கதவை விட்டேன். ஸ்பிரிங் இழுத்து அது தானாகவே அழகாகச் சாத்திக்கொண்டது. வெளிக்கதவு மூடியாயிற்று, உள்கதவு மூடியாயிற்று. லிஃப்டின் கணக்கில் நடுவே எதுவும் இல்லை. மேலே நின்ற ஒருவரைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன்.

லிஃப்ட் ஒரு தயக்கமும் இல்லாமல் கிளம்பியது. தலையணையை அடியிலிருந்து தூக்கி, சுவரோடு சேர்த்து மடித்து, மேல் விட்டத்தில் கொண்டுபோய் அரைத்தது. உறை கிழிந்து பஞ்சு இருட்டுக்குள் கொட்டியது. மிஷ்டுவின் அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், இறக்கவே இல்லை. மித்ர பாபு பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அங்கேயே லிஃப்டை நிறுத்தச் சொன்னேன். மித்ர பாபு, இதில் விதிமீறல் எங்கே என்று கேட்டார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. பஞ்சைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். விதியில் இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. வேண்டுமானால் குழந்தைகள் ஜாக்கிரதை என்று ஒரு பலகை எழுதி மாட்டிவிடலாம் என்றார். மூன்று வயதுக் குழந்தை படிக்குமா என்று கேட்டேன்.

அப்போது என்னைக் கேள்வி கேட்க வேறொருவர் வந்தார். நான்காம் மாடி ஜெயா மாமி. அவர் கணவர் சுந்தரம் சாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். கிடர்பூர் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் இருந்தவர், ஒரு காலத்தில் கப்பல் ஏணிகளில் ஓடி ஏறியவர், இப்போது இரண்டு படி இறங்கினால் மூச்சு வாங்கும். லிஃப்ட் நின்றால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மாமி என் முன்னால் வந்து நின்று, குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"நீங்க படிச்சவா. உங்களுக்கு ரூல் தெரியும், இடைவெளி தெரியும். எனக்கு இவர் ஒருத்தர்தான் தெரியும். நாளன்னிக்கு இவர எப்படிக் கீழ எறக்கறதுன்னு சொல்லிட்டுப் போங்கோ."

லிஃப்டை ஓடவிட்டால் ஒரு குழந்தை, நிறுத்தினால் ஒரு மனிதர். இப்படி ஒரு தராசை என் கையில் கொடுத்துவிட்டு, விதி எழுதியவர்கள் எங்கேயோ மீட்டிங்கில் சிங்காரா, அதுதான் இந்த ஊர்ச் சமோசா, தின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நிறுத்தச் சொன்னது நான்தான், என்னைத் திட்டுங்கள் என்று மாமியிடம் சொன்னேன். அவர் திட்டினார், தாராளமாகவே திட்டினார்.

அந்த வாரம் தெருமுனைக் கிளப் பையன்கள் சுந்தரம் சாரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள், தூக்கி ஏற்றினார்கள். பூஜைக்குச் சாமிப் பிரதிமை தூக்கிப் பழகிய கைகள், அதனால் குலுங்காமல் கொண்டுபோனார்கள். ஆனால் திருப்பங்களில் நாற்காலி சாய்ந்தபோதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டதை நான் கீழே நின்று பார்த்தேன். எத்தனை வாரம் இப்படிச் செய்ய முடியும்?

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மரக்கதவின் உட்பக்கத்தில், அந்த இடைவெளியை அடைக்கிற மாதிரி ஒரு பலகைப் பெட்டி செய்து திருகிவிட்டால் போதும். கதவு மூடும்போது பெட்டி அந்த இடத்தை நிரப்பிவிடும். தலையணை என்ன, பூனைக்குட்டிகூட நிற்க முடியாது. ஒரு தச்சர் நாலு மாடிக்கும் சேர்த்து இரண்டே நாளில் செய்து கொடுத்தார். மிஷ்டுவின் அம்மா இன்னொரு தலையணை கொண்டுவந்தாள். நிறுத்திப் பார்த்தோம், நிற்கவில்லை, கதவே மூடவில்லை. லிஃப்ட் ஓடத் தொடங்கியது, சுந்தரம் சார் உட்கார்ந்தபடியே போய் வந்தார். நான் அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதி, பலகையின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். எங்கள் அறிக்கையைப் பார்த்து அரசு ஆய்வாளர் சான்றிதழ் தர வேண்டும், அதுதான் முறை.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒப்புதல் பெற்ற கதவின் மேல் எதையும் பொருத்தக் கூடாது என்று அதே விதியில் இன்னொரு பிரிவு இருக்கிறதாம். கண்ணாடி மாட்டுகிறவர்களையும் விளம்பரம் ஒட்டுகிறவர்களையும் தடுக்க எழுதினது அது. பலகை இல்லாவிட்டால் சான்றிதழ், பலகை இருந்தால் கிடையாது. அடப்பாவிகளா என்று கத்தியே விட்டேன், பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

ஆய்வாளரை நேரில் போய்ப் பார்த்தேன். சின்ன வயசு, நல்ல பையன், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். நான் சொன்னதை எல்லாம் கேட்டான். தலையணை கிழிந்ததைச் சொன்னபோது முகம் சுருங்கியது. திருத்தம் கேட்டு மேலே எழுதியிருக்கிறோம், பதில் வருவதற்குள் எனக்கே ஓய்வு வந்துவிடும் என்று சிரித்தான். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னான்.

"மேடம், நான் வரும்போது பலகை இருக்கக் கூடாது. நான் போன பிறகு இருந்தால் எனக்குத் தெரியாது."

உதவி செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னான். எனக்குக் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. நீங்களும் இதைக் கேட்பீர்கள், எங்கே போனாலும் கேட்பீர்கள். பரிசோதனைக்கு மட்டும் இப்படி, மற்ற நாளுக்கு அப்படி. மட்டமான சட்டம் செய்கிற பெரிய கெடுதல் இதுதான். ஆபத்தைக்கூட ஒருநாள் சரிசெய்துவிடலாம். நல்லவர்களை எல்லாம் திருட்டுத்தனம் பண்ண வைக்கிறதே, அதை எதைக் கொண்டு சரிசெய்வது? உயிரைக் காப்பாற்றுகிற பலகையை ஒளித்துவைக்க வேண்டும், ஆபத்தான கதவைப் பெருமையாகத் திறந்து காட்ட வேண்டும். நான் முடியாது என்றேன். பலகை இருக்கும், உங்களுக்குக் கொடுக்க முடியாவிட்டால் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் வருத்தமாகத்தான் பார்த்தான்.

மித்ர பாபுவுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. சான்றிதழ் இல்லாத லிஃப்டுக்கு ஏதாவது ஆனால் ஜெயிலுக்குப் போவது நானா நீங்களா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பு இல்லை. என்னிடம் சொல்லாமலே ஆய்வாளரிடம் நாள் வாங்கிவிட்டார். என் அறிக்கை இல்லாமலும் கையெழுத்துப் போட ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. அந்த நாள் காலையில் எனக்கு ஜெயா மாமிதான் போன் செய்தார். இவ்வளவு நாளும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்.

"பலகையெல்லாம் கழட்டறா. உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோன்னு பண்ணினேன்" என்றார்.

நான் போய்ச் சேர்வதற்குள் நாலு மாடியிலும் பலகை இறங்கிவிட்டது. படியோரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள். ஆய்வாளர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான், கண்ணைப் பார்க்கவில்லை. மேலிருந்து ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக்கொண்டு வந்து, இரண்டாம் மாடியில் நின்று கதவுகளைத் திறந்து மூடி, திருப்தி என்று எழுதி, முத்திரை வைத்தான். லிஃப்டை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். "திதி, ஹோயே கேச்சே" என்றார் மித்ர பாபு. அக்கா, முடிந்துவிட்டது என்று. முகமெல்லாம் சந்தோஷம்.

பலகையைத் திரும்ப மாட்ட வேண்டிய தச்சரைக் காணவில்லை. ஆய்வு முடிய எப்படியும் மத்தியானம் ஆகும் என்று நினைத்து கரியாஹாட்டில் இன்னொரு வேலைக்குப் போயிருந்தார். போன் போட்டால், இதோ வருகிறேன் என்றார். அவர் வருகிறவரை லிஃப்டை அணைத்து வையுங்கள் என்று மித்ர பாபுவிடம் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சினதில்லை. சான்றிதழ் வந்த லிஃப்டை எதற்கு அணைக்க வேண்டும், அதுவும் இன்றைக்கு சுந்தரம் பாபுவுக்கு ஆஸ்பத்திரி நாள் என்றார். போனை நீட்டினார், பச்சை விளக்கு. நான் நான்காம் மாடிக்குப் படியேறிப் போனேன். அவர்களை மட்டுமாவது கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம் என்றுதான் போனேன்.

அங்கே எல்லாம் தயாராக இருந்தது. சுந்தரம் சார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே டாக்சி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நேரம் தவறினால் ஆஸ்பத்திரியில் மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். தச்சர் வரட்டும் என்று எப்படிச் சொல்வேன்? மாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் வாசலுக்கு வந்தார். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மாடிப்படி வழியாகக் கீழே குரல் கொடுத்தார்.

"லிஃப்ட் டாக்ச்சி! தொர்ஜா தேகோ!"

லிஃப்டைக் கூப்பிடுகிறேன், கதவைப் பாருங்கள் என்று அர்த்தம். தலையணை அரைபட்ட நாளிலிருந்து மாமி இதை ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பலகை மாட்டியிருந்தபோதும் விடவில்லையாம். மூன்றாம் மாடியிலிருந்து யாரோ "டீக் ஆச்சே" என்றார்கள், சரி என்று. முதல் மாடியிலிருந்தும் வந்தது. இரண்டாம் மாடியிலிருந்து வரவில்லை. மாமி இன்னொரு தரம் கூப்பிட்டார். கீழே ஹாரன்தான் பதில் சொன்னது.

"அழுத்து ஜெயா, நாழியாறது. அவா வெளில போயிருப்பா" என்றார் சுந்தரம் சார்.

மாமியின் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. அழுத்தவில்லை.

"பதில் வரலையே, ஏன்னா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கணவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, அது அவருக்குத் தெரியாதா? அந்த மெஷின் போனால் அன்றைக்கு இன்னொன்று கிடைக்காது, அதுவும் தெரியும். இருந்தும் விரலை வைக்கவில்லை. நான் ஓடினேன். என் வயசுக்கும் முழங்காலுக்கும் அப்படி ஓடியிருக்கக் கூடாது. இரண்டாம் மாடிக்கு வந்தேன். மிஷ்டுவின் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் அம்மா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாள். லிஃப்டின் மரக்கதவு ஒழுங்காக மூடியிருந்தது. பித்தளைக் கைப்பிடியை இழுத்தேன்.

குழந்தை நின்றுகொண்டிருந்தது. முதுகை உள்கதவில் ஒட்டிக்கொண்டு, கையில் ஒரு பிஸ்கட்டோடு, சத்தம் போடாமல், ஒளிந்து விளையாடுகிறவர்கள் நிற்பது மாதிரி. என்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாயே என்று சிரித்தது. நான் அதை வாரித் தூக்கிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். குழந்தை என் கன்னத்தில் பிஸ்கட்டால் தேய்த்தது. மேலே மாமி, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லிஃப்டைத் தொடாதீர்கள், குழந்தை உள்ளே இருந்தது என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

சுந்தரம் சாரை அன்றைக்கும் கிளப் பையன்கள்தான் தூக்கிப் போனார்கள். மெஷின் கை மாறிவிட்டது. இரவு வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்து, யாரோ ஒருவர் வராததால் கிடைத்தது. அதில் அவர் ரொம்பத் துவண்டுவிட்டார், தேற நாளாயிற்று. மாமி அதற்காக ஒரு வார்த்தையும் யாரையும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "இன்னும் ஒரு தரம் கூப்பிட்டுட்டு அழுத்திடலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் பதில் வராததை யார் யாரெல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். விதியில் இடைவெளியைப் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் ஆய்வாளருக்குச் சரி. கோளாறு என்று எதுவும் வரவில்லை, அதனால் ஆப்புக்குச் சரி. முத்திரை விழுந்துவிட்டது, அதனால் மித்ர பாபுவுக்குச் சரி. வராத பதிலை வராத பதிலாகவே பார்த்தது ஒரே ஒருத்தி, அதுவும் அவசரம் யாரைவிடவும் அதிகமாக இருந்தவள். நாளைக்கு உங்கள் கையில் கருவி இருக்கும், திரை இருக்கும், பச்சை பச்சையாக எரியும். அந்தப் பச்சை எதைப் பார்த்துவிட்டு எரிகிறது, எதைப் பார்க்காமல் எரிகிறது என்று கேளுங்கள். கேட்டால் மூஞ்சியைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மிஷ்டு அந்த இருட்டில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அந்த லிஃப்ட் சட்டப்படி பாதுகாப்பான லிஃப்ட், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தச்சர் வந்து பலகைகளை மாட்டினார். மித்ர பாபு பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு திருகும் இறுகியிருக்கிறதா என்று தன் கையால் பார்த்தார். ஆய்வாளருக்கு அன்றைக்கே போன் செய்து சொன்னேன். குழந்தை நன்றாக இருக்கிறதா என்று கேட்டான். பிறகு, பலகை மாட்டியாயிற்றா என்று கேட்டான். மாட்டியாயிற்று என்றேன். அப்பாடா என்று மூச்சு விட்டான். அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள் மேடம் என்றான். நல்ல பையன்தான் என்று சொன்னேனே, அவனையே அந்த விதி இப்படிப் பேச வைத்தது. போனைப் பட்டென்று வைத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் மித்ர பாபு கழற்ற மறுத்துவிட்டார். விதியை மீறவே தெரியாத அந்த மனிதர், நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வந்தும் அசையவில்லை. ஆகவே அந்த லிஃப்ட் இன்றைக்குச் சான்றிதழ் இல்லாமல்தான் ஓடுகிறது. சுந்தரம் சார் அதில்தான் டயாலிசிசுக்குப் போய் வருகிறார். விதியில் அந்த ஒரு வரியை இன்னும் யாரும் சேர்க்கவில்லை. நான் எழுதிய கடிதங்களுக்கு, தங்கள் கடிதம் பெறப்பட்டது என்று மட்டும் பதில் வருகிறது. இதற்கிடையில் எனக்கு ஓய்வு வந்துவிட்டது.

போன் செய்த பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கட்டிடத்தின் மறு ஆய்வு அடுத்த மாதம் நம் அலுவலகத்துக்கு வருகிறது, புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரைத்தான் அனுப்பப் போகிறார்களாம். உங்களில் யார் என்று எனக்குத் தெரியாது. போகிறவர் பலகையைப் பார்ப்பீர்கள். கழற்றச் சொன்னால் அறிக்கை சுத்தமாக இருக்கும், மேலிடத்தில் நல்ல பெயரும் கிடைக்கும். சொல்வதற்கு முன்னால் இரண்டாம் மாடியில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மிஷ்டு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு ஒரு தம்பி பிறந்திருக்கிறான். போன வாரத்திலிருந்து நடக்க ஆரம்பித்துவிட்டானாம்.